பசித்தும் சாப்பிடாத மகன்: ஒரு தாயின் கடிதத்துக்குப் பதில்

பதினைந்து வயது மகனைப் பற்றி ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடியவற்றை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன் பையன் பள்ளியின் ஓட்டப்பந்தய அணியில் சேர்ந்தான். எடை குறைந்தால் வேகம் கூடும் என்று பயிற்சியாளர் சொன்னார். முதலில் இனிப்பை விட்டான், பிறகு எண்ணெயில் செய்தவற்றை, பிறகு இரவு உணவையே விட்டான். எடை குறைந்தபோது வீட்டில் எல்லோரும் பாராட்டினார்கள். இப்போது தட்டில் இருப்பதை நகத்தளவு துண்டுகளாக்கிக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறான். வெயில் காலத்திலும் ஸ்வெட்டரைக் கழற்றுவதில்லை. இரவு பதினோரு மணிக்கு மேல் அவன் அறையின் தரை அதிர்கிறது. கதவைத் திறந்தால் இருட்டில் குதித்துக்கொண்டிருக்கிறான். போன மாதம் பள்ளியில் மயங்கி விழுந்தான். ரத்தப் பரிசோதனை முடிவுகள் சரியாக இருந்ததால் வைட்டமின் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அவனுடைய கைக்கடிகாரம் ஓய்வு நேர நாடித்துடிப்பை 46 என்று காட்டுகிறது. 'ஓட்டக்காரனின் இதயம்' என்று பயிற்சியாளருக்குப் பெருமை.

'அவனே சமைத்து எனக்குக் கொடுக்கிறான். நான் கடைசி வாய் சாப்பிடும்வரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவன் தண்ணீர் மட்டும் குடிக்கிறான்' என்று எழுதியிருக்கிறார் தாய். 'விட்டுப் பிடிப்போம், பசித்தால் தானே சாப்பிடுவான்' என்பது தந்தையின் கருத்து. இன்னும் ஐந்து மாதத்தில் முக்கியமான பள்ளித் தேர்வு. அதுவரை பொறுத்திருக்கலாமா? இது பெண் பிள்ளைகளுக்கு வரும் நோய் அல்லவா? இரண்டு வருடங்களுக்கு முன் உறவினர்கள் எதிரில் 'இந்தச் சட்டையும் உனக்குப் பற்றவில்லையா' என்று நான் கேட்டதுதான் காரணமா? அவனுக்குத் தெரியாமல் உணவில் வெண்ணெய் கலக்கிறேன், அது தவறா? மருத்துவரிடம் வர மறுப்பவனைக் கட்டாயப்படுத்தலாமா? இவை அவருடைய கேள்விகள். கடிதத்தின் கடைசி வரியில், ஒன்பது வயது மகள் தன்னிடம் கேட்டதை எழுதியிருக்கிறார்: 'அண்ணன் செத்துப் போய்விடுவானா?'

அன்புள்ள சகோதரி,

உங்கள் கேள்விகளுக்கு நீங்கள் எழுதிய வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும்.

இன்றைக்கே பார்க்க வேண்டியது இதயத்தை

அந்த 46 என்ற எண் என்னைக் கவலைப்படுத்துகிறது. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகப் பயிற்சி செய்யும் ஓட்டக்காரரின் இதயம் மெதுவாகத் துடிப்பது உண்மைதான். ஆனால் அவருடைய கைகள் சூடாக இருக்கும், அவர் மயங்கி விழமாட்டார். உங்கள் மகன் எடை இழந்திருக்கிறான், குளிரில் நடுங்குகிறான், மயங்கியிருக்கிறான். பட்டினியில் இருக்கும் உடல் எரிபொருளைச் சேமிக்க இதயத்தின் வேகத்தைக் குறைக்கிறது. இதயமும் தசைதான், மற்ற தசைகளோடு சேர்ந்து அதுவும் மெலிகிறது. எடை குறைந்துபோன வளரிளம் பருவப் பிள்ளைக்கு நாடித்துடிப்பு பகலில் விழித்திருக்கும்போது 50க்குக் கீழேயோ, இரவில் 45க்குக் கீழேயோ போனால், மருத்துவமனையில் சேர்த்துக் கவனிப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இத்துறை மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதல். கைக்கடிகாரத்தின் கணக்கு தவறாக இருக்கலாம். அதனால்தான் ஒரு மருத்துவர் இன்றைக்கே கைபிடித்து எண்ணிப் பார்க்க வேண்டும்.

அங்கே போனதும் இவற்றைக் கேட்டு வாங்குங்கள். படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பிறகும் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும். உடல் வெப்பம். இ.சி.ஜி. ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட், மக்னீசியம், சர்க்கரை. அவனுடைய பழைய உயர, எடைக் குறிப்புகள் பள்ளியிலோ வீட்டிலோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஊரில் உள்ள பிள்ளைகளின் சராசரியோடு ஒப்பிடுவதைவிட, அவன் சிறுவயதிலிருந்து வளர்ந்து வந்த பாதையை விட்டு எப்போது விலகினான் என்பது அதிகம் சொல்லும். மெலிந்து தெரியாத பிள்ளைகூட, இருந்த எடையிலிருந்து வேகமாக இறங்கியிருந்தால் இதே அளவு ஆபத்தில் இருக்கலாம்.

ரத்தப் பரிசோதனை சரியாக இருந்ததே என்று நிம்மதி அடையாதீர்கள். வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக விற்று மாதாமாதம் வாடகையைக் கட்டும் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ரசீதுகளில் குறை இருக்காது, வீடு மட்டும் காலியாகிக்கொண்டிருக்கும். தசையிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுத்து ரத்தத்தைச் சமன் செய்துகொண்டே இருக்கிறது உடல். ரத்தத்தின் அளவுகள் தடுமாறத் தொடங்கும்போது மிகவும் தாமதமாகியிருக்கும்.

இன்னொன்று. பயந்துபோய் ஒரே நாளில் நிறையச் சாப்பிட வைக்காதீர்கள். நீண்ட நாள் குறைவாகச் சாப்பிட்ட உடலுக்குத் திடீரென உணவு வரும்போது ரத்தத்தில் பாஸ்பேட் அளவு சடாரெனச் சரிந்து இதயத்தையே பாதிக்கக்கூடும். எவ்வளவில் தொடங்குவது, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை முதல் சில நாட்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஓட்டப் பயிற்சி இன்றோடு நிற்க வேண்டும். அதைப் பயிற்சியாளரிடம் மகன் சொல்லக் கூடாது, நீங்களோ மருத்துவரோ எழுத்தில் கொடுங்கள். மறுபடி மயங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ வலித்தாலோ, தண்ணீர்கூட வேண்டாம் என்றாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

ஆண் பிள்ளைக்கும் வரும்

கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, அது முறையும் அல்ல. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொன்றும் அனோரெக்சியா நெர்வோசா என்ற உண்ணும் முறைக் கோளாறின் பக்கம்தான் கை காட்டுகிறது. பெண் பிள்ளைகளிடம் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் இந்த நோயின் மிகப் பழைய மருத்துவக் குறிப்புகளில் ஒன்றாகக் கருதப்படும் 1689ஆம் ஆண்டின் பதிவில், ரிச்சர்ட் மார்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் இரண்டு பேரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒருவர் இளம்பெண், இன்னொருவர் பதினாறு வயதுப் பையன். அதன்பிறகு எத்தனை காலம் அந்தப் பையனை மறந்துவிட்டோம்! அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வகைப்பாட்டில் 2013 வரை மாதவிடாய் நின்றுபோவதும் இந்த நோய்க்கான ஓர் அடையாளமாக இருந்தது. ஆண் பிள்ளைகள் அந்த வரையறைக்குள் எப்படிப் பொருந்துவார்கள்? அதன் விளைவு இன்றும் தொடர்கிறது. பையன் மெலிந்தால் 'உயரம் போடுகிறான்' என்கிறார்கள், ஓயாமல் ஓடினால் 'ஒழுக்கமானவன்' என்கிறார்கள். உங்கள் மகனுக்கு நோய் தொடங்கியதும் பாராட்டுக் கிடைத்ததில்லையா, அதேபோலத்தான்.

அனோரெக்சியா என்ற சொல்லுக்குப் பசியின்மை என்று பொருள். 1870களில் வைத்த பெயர், தவறான பெயர். பசி போவதில்லை. உங்கள் மகன் நாள் முழுவதும் பசியோடுதான் இருக்கிறான். இதை உங்கள் கணவரும் அருகில் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

'பசித்தால் சாப்பிடுவான்'

பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இந்த நோயில் பசி வரும், எதுவும் பறந்துபோகாது. பசியைத் தாங்குவதே வெற்றி என்று மனம் நம்பத் தொடங்கிவிடும். சாப்பிட்டால் உடம்பெல்லாம் பதற்றம், சாப்பிடாவிட்டால் கொஞ்ச நேரம் அமைதி. இது பிடிவாதம் அல்ல. விட்டுப் பிடிக்க நினைத்தால், நீங்கள் விட்டதை நோய் பிடித்துக்கொள்ளும்.

அவன் உங்களுக்குச் சமைத்துக் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து பார்ப்பதாக எழுதியிருந்தீர்களே, அந்த வரியில் வெகுநேரம் நின்றுவிட்டேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டில், பட்டினி மனிதரை என்ன செய்கிறது என்று அறிய அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். 36 ஆரோக்கியமான இளைஞர்கள் விரும்பிப் பங்கேற்றார்கள். ஆறு மாதம் உணவைக் குறைத்ததில் ஏறத்தாழ கால்பங்கு எடையை இழந்தார்கள். அவர்களுக்கு முன்பு எந்த மனநோயும் இல்லை. ஆனால் சமையல் புத்தகங்களைப் படுக்கையில் வைத்துப் படிக்கத் தொடங்கினார்கள், ஒரு வேளை உணவை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள், குளிர் தாங்க முடியாமல் தவித்தார்கள், நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள், எரிந்து விழுந்தார்கள், எதிலும் கவனம் நிற்கவில்லை என்றார்கள். உங்கள் கடிதத்தை மீண்டும் எடுத்துப் பாருங்கள். மகனின் குணம் மாறிவிட்டது என்று நீங்கள் அழுது எழுதியிருப்பதில் பாதிக்கு மேல் பட்டினியின் வேலை. எடை திரும்பும்போது அந்தப் பழைய பையனும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புவதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதனால்தான், முதலில் மனம் மாறட்டும் பிறகு சாப்பிடட்டும் என்று காத்திருப்பதில் பொருள் இல்லை. பட்டினியில் இருக்கும் மூளையோடு வாதம் செய்து வெல்ல முடியாது. முதலில் உணவு உள்ளே போக வேண்டும், மனம் பின்னால் வரும், பல நேரம் மாதக் கணக்கில் தாமதமாக வரும். அனோரெக்சியாவைக் குணப்படுத்தும் மாத்திரை என்று ஒன்று இதுவரை இல்லை. கூடவே மனச்சோர்வோ பதற்றமோ இருந்தால் அதற்கு மருந்து தேவையா என்று மருத்துவர் பார்ப்பார். பசியைத் தூண்டும் மருந்தை நீங்களாக வாங்கித் தர வேண்டாம்.

தேர்வு முடியட்டுமா?

வேண்டாம். சுருக்கமான பதில் அதுதான்.

ஐந்து மாதம் என்பது இந்த நோயில் மிக நீண்ட காலம். எட்டு மாதங்களிலேயே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், அது உங்கள் மகனுக்குச் சாதகமான பெரிய விஷயம். பதின்வயதில் தொடங்கி மூன்றாண்டுகளுக்குள் குடும்பத்தோடு சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள் நன்றாகத் தேறுவதை 1980களிலேயே லண்டன் மருத்துவர்கள் காட்டினார்கள். பதினைந்து வயது என்பது உயரமும் எலும்பும் கட்டப்படும் காலம். இந்தச் சில ஆண்டுகளில் சேராத எலும்பு வலிமையைப் பிற்பாடு முழுமையாகச் சேர்ப்பது கடினம். ஆண் பிள்ளைகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் குறைந்து பருவ வளர்ச்சியும் தடைப்படும். அவன் வெட்கப்பட்டு உங்களிடம் சொல்லமாட்டான், மருத்துவர் தனியாகக் கேட்கட்டும்.

அவன் இரவு முழுவதும் படிக்கிறான், மதிப்பெண்ணும் குறையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நோயின் கண்டிப்பு படிப்பிலும் வேலை செய்கிறது, அவ்வளவுதான். மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டியதை ஆறு மணி நேரம் இழுத்து முடிக்கிறான். முன்னே சொன்ன மார்ட்டனின் நோயாளிப் பையனும் அளவுக்கு மீறிப் படித்தவன்தான். படிப்பை நிறுத்தி, கிராமத்துக் காற்றுக்கு அனுப்பி, பாலை முக்கிய உணவாகக் கொடுக்கச் சொன்னார் மார்ட்டன். பையன் பெருமளவு தேறினான். மருத்துவம் எவ்வளவோ மாறிவிட்டது, அந்த முன்னுரிமையில் மட்டும் மாற்றம் இல்லை. பள்ளியில் பேசுங்கள். மருத்துவச் சான்று இருந்தால் தேர்வைத் தள்ளிவைக்க வழி உண்டா, வீட்டிலிருந்து படிக்க முடியுமா என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

சாப்பாட்டு நேரத்தில்

வளரிளம் பருவத்தினரின் அனோரெக்சியாவுக்கு இன்று நம்பிக்கையான சான்றுகள் உள்ள முறை, குடும்பத்தை மையமாகக் கொண்ட சிகிச்சை. 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 121 பேரை இரண்டாகப் பிரித்து ஒரு பிரிவுக்குக் குடும்ப சிகிச்சையும் இன்னொன்றுக்குத் தனிநபர் சிகிச்சையும் கொடுத்தார்கள். சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆனபோது முதல் பிரிவில் ஏறத்தாழப் பாதிப்பேர் முழுமையாகக் குணமாகியிருந்தார்கள், இரண்டாவதில் கால்பங்குக்கும் சற்றுக் குறைவானவர்கள். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் தொடங்க வேண்டிய இடம் அதுதான். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் முடிவு செய்கிறார்கள். எடை திரும்பத் திரும்ப அந்தப் பொறுப்பைப் படிப்படியாகப் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு. தட்டில் வைப்பது நீங்கள். சமையலறையிலிருந்து அவனுக்கு விடுமுறை கொடுத்துவிடுங்கள். உங்களில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவரும் சாப்பிட வேண்டும். கலோரிக் கணக்குக்குப் பதில் சொல்லாதீர்கள். அந்தப் பேரம் முடிவே இல்லாதது. 'கஷ்டமாக இருக்கிறது என்று தெரியும். இன்னொரு வாய் எடு' என்ற அளவில் பேச்சு போதும். பிறகு கிரிக்கெட், படம், பழைய கதை என்று எதையாவது பேசுங்கள். தட்டு காலியானதும் ஒரு மணி நேரம் கூடவே இருங்கள், வாந்தி எடுக்கவும் ஒளிந்து குதிக்கவும் அந்த நேரத்தில்தான் உந்துதல் அதிகம். இரவு கதவு திறந்தே இருக்கட்டும். எடை பார்க்கும் கருவியை வீட்டிலிருந்து அப்புறப்படுத்துங்கள். எடை எண்கள் எதையும் நான் இங்கே எழுதாததற்கும் காரணம் உண்டு. இந்த நோயுள்ள ஒரு பிள்ளை இதைப் படித்தால் அந்த எண்ணை இலக்காக்கிக்கொள்ளும்.

வெண்ணெயைப் பற்றி. உங்கள் தவிப்பு புரிகிறது, ஆனால் ஒளித்துக் கலக்காதீர்கள். ஒரு நாள் கண்டுபிடிப்பான். அதன்பிறகு நீங்கள் கொடுக்கும் தண்ணீரையும் சந்தேகப்படுவான். வெண்ணெய் போடுங்கள், அவன் கேட்டால் 'உன் உடம்புக்குத் தேவையானதெல்லாம் இதில் இருக்கிறது. அதை முடிவு செய்வது இப்போதைக்கு என் வேலை' என்று நேராகச் சொல்லுங்கள்.

முதல் வாரங்களில் நிலைமை மோசமாவது போலத் தோன்றும். தட்டைத் தள்ளுவான். உங்களை வெறுப்பதாகச் சொல்வான். அந்தக் குரல் நோயுடையது என்று மனதுக்குள் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அடியும் மிரட்டலும் கூடாது. விட்டுக்கொடுப்பதும் கூடாது. குணமான பிள்ளைகளில் சிலர் பின்னாளில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்: சாப்பிடு என்று யாராவது கட்டாயப்படுத்தியபோது உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது, சாப்பிட்ட குற்றம் தன்னுடையது இல்லை என்றானதே என்று. உங்கள் கணவரின் பங்கு இங்கே பெரிது. ஒருவர் அரை மனதாக இருந்தால் நோய் அவரிடம்தான் போய் நிற்கும். உங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தால் அவன் தூங்கிய பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல்தான் வர வேண்டும்.

வர மறுத்தால்

தனக்கு நோய் இல்லை என்று நம்புவது இந்த நோயின் இயல்பு. நெஞ்சுவலி வந்த பதினைந்து வயதுப் பிள்ளை மருத்துவமனை வேண்டாம் என்றால் வீட்டில் விட்டுவிடுவோமா? வயது வராத பிள்ளையின் சிகிச்சையைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பு பெரும்பாலும் பெற்றோருக்கே இருக்கிறது. விவரங்கள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் மருத்துவர் சொல்வார். ஆனால் அவனை ஏமாற்றி அழைத்துப் போகாதீர்கள். எங்கே போகிறோம், ஏன் போகிறோம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மருத்துவரோடு தனியாகப் பேச அவனுக்கு நேரம் கொடுங்கள். தான் பேசும் எல்லாமும் வீட்டுக்கு வராது, உயிருக்கு ஆபத்தானது மட்டுமே வரும் என்ற உறுதி அவனுக்குக் கிடைக்க வேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருகிறதா என்று நீங்களும் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இந்த நோயில் நேரும் மரணங்களில் ஐந்தில் ஒன்று தற்கொலை என்பதால் இதைத் தயங்காமல் சொல்கிறேன்.

அந்தச் சட்டை

இரண்டு வருடங்களாக அந்த ஒரு வாக்கியத்தைச் சுமந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படி ஒரு சொல்லைக் கேட்காத பிள்ளை உலகத்தில் குறைவு. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் இந்த நோய் வருகிறது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள், இந்த நோய்க்கான வாய்ப்பில் பாதியோ அதற்கு மேலோ பரம்பரையாக வருவது என்று காட்டுகின்றன. எதிலும் குறை வைக்கக் கூடாது என்ற சுபாவம், பருவ மாற்றம், எடையைக் குறைக்கச் சொன்ன விளையாட்டு எல்லாம் அதன்மேல் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் காரணம் இல்லை. ஆனால் உடம்பைப் பற்றிய பேச்சு எரிகிற தீயில் எண்ணெய் ஆகும் என்பதும் உண்மை. அதனால் இன்றுமுதல் வீட்டில் யாருடைய பருமனையும் மெலிவையும் பற்றிப் பேச வேண்டாம், புகழ்ச்சியாகக்கூட வேண்டாம். அவன் தேறி வரும்போது 'முகம் தெளிந்திருக்கிறது' என்று உறவினர்கள் சொல்வதுகூட அவன் காதில் 'குண்டாகிவிட்டாய்' என்று விழும். அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் இருக்கும் உணவுக் கட்டுப்பாட்டையும் இந்த ஓராண்டுக்கு நிறுத்திவையுங்கள். எதிரில் ஒருவர் அளந்து சாப்பிட, அவனை மட்டும் அளக்காமல் சாப்பிடச் சொல்ல முடியாது. அந்த வாக்கியத்துக்காக மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் ஒரு முறை கேளுங்கள், சாப்பாட்டு நேரத்தில் அல்ல.

மகளின் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லாமல் அழுதுவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவள் அந்தக் கேள்வியை மறந்திருக்க மாட்டாள், நீங்களே போய் உட்கார்ந்து பேசுங்கள். 'ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்லாதீர்கள், அவளும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். இப்படிச் சொல்லலாம்: 'அண்ணனுக்குப் பெரிய நோய் வந்திருக்கிறது. சாப்பாட்டைக் கண்டால் பயப்பட வைக்கும் நோய். நிறையப் பேர் அதிலிருந்து குணமாகியிருக்கிறார்கள். இன்றைக்கே அவனை மருத்துவரிடம் அழைத்துப் போகிறோம். அவனைச் சாப்பிட வைப்பது அப்பாவும் நானும் பார்த்துக்கொள்ளும் வேலை. அவன் தட்டை நீ பார்க்க வேண்டியதில்லை. அவன் சாப்பிட்டு முடித்ததும் அவனோடு விளையாட வருகிறாயா?'